கொம்பில் மாட்டிய கையுறை

தௌனோவுக்கு ஊரில் எல்லாவற்றிலும் குறை தெரிந்தது, தன் கண்ணைத் தவிர. பத்திரிகைக்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான். சமையலறை பல்பு முன்னைப் போல எரிவதில்லை. எதிரே வரும் வண்டிகளுக்கெல்லாம் புது மாதிரி விளக்கு மாட்டிக் கண்ணைக் கூச வைக்கிறார்கள். அதனால்தான் பொழுது சாய்ந்தால் வண்டியை அவன் மனைவி ஐலி ஓட்டுகிறாள். மற்றபடி அவனுக்கு ஒன்றுமில்லை.

போன வருடம் மான் வேட்டையின் முதல் நாள், காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து கடைசி வெளிச்சத்தில் ஒரு கலைமானைச் சுட்டான். காலையில் போய்ப் பார்த்தால், காற்றில் சாய்ந்த தேவதாருவின் வேர்த்தூர். வேட்டை முகாமில் குறி தவறியவனுக்கு ஒரே தண்டனைதான். சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். ஐலியின் தம்பி வெய்க்கோ கத்தரிக்கோலோடு வந்து நின்றான்.

"திரும்பி நில்லு மச்சான். மரத்தைச் சுட்டவனுக்குக் கொஞ்சம் பெரிய துண்டா வெட்டணும்."

"குறி பாக்கற ஸ்கோப் மங்கிப்போச்சுடா. கண்ணாடி பழசு."

"ஆமாமா, கண்ணாடி பழசு. ஆள் புதுசு!"

எல்லோரும் சிரித்தார்கள், தௌனோவும் சிரித்தான். ஆனால் அடுத்தடுத்து இரண்டு வருடம் வால் போனால் துப்பாக்கி சுவருக்கு, ஆள் அடுப்படிக்கு என்பது முகாமின் சட்டம். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஏப்ரன் தொங்குகிறது. அதைக் கடைசியாகக் கட்டியிருந்த ஆர்வோ செத்துப் போனதிலிருந்து ஆளில்லாமல் தொங்குகிறது. வருடம் முழுக்க அந்த ஏப்ரன் தௌனோவின் நினைவில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுவதற்குப் பதில் ஏரியில் குதிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆகவே நவம்பர் பிறந்ததும் பழைய ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டேலின் துப்பாக்கிக் கடைக்குக் கிளம்பினான். சாயங்காலம் என்பதால் ஐலி ஓட்டினாள். அந்த ஸ்கோப் அவள் கொடுத்த கல்யாணப் பரிசு.

அதை இதே கடையில்தான் வாங்கினாள். அப்போது டேலின் அப்பா கல்லாவில் இருந்தார். பெரிதாகக் காட்டுவது எது, தூரம் போவது எது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, ஐலி கைகாட்டி நிறுத்தினாள். "எதுல சாயங்காலம் ரொம்ப நேரம் இருக்குமோ, அதைக் குடுங்க." ஜன்னலோரம் நின்று, ஒவ்வொன்றாகத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து, எதில் கோபுரம் கடைசியாக இருட்டில் மறைந்ததோ அந்த ஸ்கோப்பை எடுத்துக்கொண்டாள். அந்தக் கதையைச் சொல்லித் தௌனோ எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பான்!

அந்த வருடம்தான் அவளைப் பரணுக்குக் கூட்டிப் போனான். பொம்பளைக்கு முகாமில் என்ன வேலை என்று பெரிசுகள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துப்பாக்கி ஒன்று, ஸ்கோப் ஒன்று. அவன் பார்ப்பான், அவள் காதில் கிசுகிசுப்பான். மான் வந்தது. மூக்கில் பனி, கழுத்தில் தழும்பு, ஆட்டும் காது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். "சுடவா?" என்றான். "இன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லு," என்றாள். மான் போய்விட்டது. அவள் தோள் தன்மீது சாய்ந்திருந்ததால் அவன் இல்லாத மானை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான்.

"ஒரு மானுக்கு எத்தனை காதுய்யா? மூணாவதா ஒண்ணை ஆட்டிட்டிருக்கு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் காட்டிலிருந்த மிச்ச மான்களும் ஓடியிருக்கும். வெறுங்கையோடு திரும்பிய அந்த நாளைப் போல ஒரு நாள் அவனுக்கு வாழ்க்கையில் வாய்க்கவில்லை.

"மங்கின வெளிச்சத்துக்கு வேணும் டேல். இருக்கறதுலயே பெருசு எதுவோ அதை எடு," என்றான் தௌனோ, கடைக்குள் நுழைந்ததும்.

"எடுக்கறேன் அண்ணே. ஆனா தொட்டி பெருசா இருந்து என்ன, குழாய் சின்னதா இருந்தா? நம்ம கண்ணுதான் குழாய். வயசானா கண்பாவை முன்ன மாதிரி விரியாது. அம்புட்டு வெளிச்சமும் உள்ள போகாது."

"என் குழாய்க்கு ஒண்ணுமில்ல. நீ தொட்டியைக் காட்டு."

கடையின் பின்புற வேலிக் கம்பத்தில் ஒரு பாடம் பண்ணிய மான்தலை இருந்தது. வாங்க வருகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில் பின்வாசலில் நின்று அதைப் பார்த்துத்தான் ஸ்கோப் எடுப்பார்கள். டேல் கொடுத்த பெரிய ஸ்கோப் பால்புட்டி மாதிரி இருந்தது. தௌனோ அதைக் கண்ணில் வைத்தான்.

"அட, அட! இது ஸ்கோப்பு. கொம்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குதே!"

அங்கே சாம்பல் நிறத்தில் ஏதோ நின்றது உண்மைதான். மிச்சத்தை ஆசை போட்டு நிரப்பிக்கொண்டான்.

ஐலி அவன் கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பழைய ஸ்கோப்பை எடுத்தாள். தூக்கிப் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான்.

"கொம்புல யாரோ கையுறையை மாட்டி வெச்சிருக்காங்களே. பச்சைக் கம்பளி," என்றாள்.

"அங்கயா இருக்கு?" டேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "காலையில பனி தள்ளறப்ப மாட்டினது. நாள் பூரா தேடறேன்!"

தௌனோ மறுபடி பெரிய ஸ்கோப்பில் பார்த்தான். திருகினான், துடைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கையுறை இல்லை. டேல் நடந்து போய் அதை எடுத்துக் கையில் மாட்டி ஆட்டியபோதும், வேலியோரம் ஏதோ அசைகிறது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறை தெரியாதவனுக்குக் கையும் தெரியாது. போன வருடம் அந்த வேர்த்தூர் இருந்த இடத்தில் வெய்க்கோ நின்றிருந்தால்? ஏப்ரன் பயமெல்லாம் அந்த நினைப்பின் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பெரிய ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"வேற காட்டட்டுமா அண்ணே?"

"வேணாம்பா. குழாய்தான்."

ஐலி கல்லாவுக்குப் போனாள். "டேல், மான் வேட்டை லைசென்ஸ் ஒண்ணு போடு."

"அண்ணன் பேர்லயா?"

"எம் பேர்ல. கல்குவாரியில தகர டப்பாவைச் சுட்டே கிழவியாயிட்டேன். ஒரு தடவையாவது மானைப் பாக்கறேன்."

வண்டியில் ஏறியதும் தௌனோ கேட்டான்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ பல்பு மாத்தி மாத்தி ஏணியில ஏறினப்பவே. டிசம்பர்ல கண்ணு டாக்டர்கிட்டப் போறோம். புரையா இருந்தா எடுத்துடலாம். அதுவரைக்கும் வாயை மூடிட்டு வா கிழவா."

பதினைந்தாம் தேதி, வேட்டையின் முதல் நாள், பரணில் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி அவள் தோளில், பழைய ஸ்கோப் அதன்மேல். சூரியன் இறங்கி, சட்டம் அனுமதிக்கும் கடைசி வெளிச்சமும் கரையத் தொடங்கியபோது ஐலியின் முதுகு நிமிர்ந்தது.

"என்ன தெரியுது?" என்று கிசுகிசுத்தான்.

"கலைமான்தான். ஓடையை ஒட்டி வருது. நல்ல கொம்பு. மூக்குல பனி. இடது காது நுனி கிழிஞ்சிருக்கு."

தௌனோவுக்கு எல்லாமே சாம்பல்தான். ஆனால் அவள் சொல்லச் சொல்ல மான் ஓடையோரம் வந்து நின்றது.

"சுடவா?"

ஒரே ஒரு தோட்டா. வெய்க்கோவின் வாயை ஒரு வருடத்துக்கு அடைத்துவிடலாம். 'சுடு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லு," என்றான்.

அவள் சொன்னாள். மான் குனிந்து புல்லைக் கிளறியது, தலை தூக்கியது, மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. காதை ஆட்டியது. மறுபடி ஆட்டியது. அவன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான், துப்பாக்கி அவள் மடியில் கிடப்பது கைக்குத் தட்டுப்பட்டது.

"ஐலி, அந்த மான் எப்பப் போச்சு?"

"நீ சொல்லச் சொன்னப்பவே," என்றாள்.