ஜோடி அடி

எங்கள் மில்லில் ஒரு பெண்ணின் கண் போனது காலை பத்தே காலுக்கு. அந்த நேரத்தில் நான் ஏசி அறையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டுவதற்காக 'மகிழ்ச்சியான பணியிடம்' என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் பெயர் அமலராணி. சாணார்பட்டி ரோட்டில் இருக்கிற நூல் மில்லில் மேனேஜர். பதினேழு வயதில் இதே மில்லுக்குப் பஞ்சு கூட்டித் தள்ள வந்தவள், நாற்பத்திரண்டில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். போன மாதம் முதலாளி என்னை மதுரையில் ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார். தொழிலாளி சிரித்தால் உற்பத்தி பெருகும் என்று டை கட்டின ஒரு தம்பி சொல்லிக்கொடுத்தான். புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னான். வைத்தேன். முப்பது நாள் கழித்துத் திறந்தால் உள்ளே இரண்டு மிட்டாய்த் தாள் மட்டும் கிடந்தது. ஒரு புகார்கூட இல்லை, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்ட மூதேவி நான்.

எங்கள் மில்லில் ஒரு மிஷினுக்கு இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு பக்கம். ஜோடி என்போம். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் விட்டாலோ, நின்றபடியே கண் அசந்தாலோ, சூப்பர்வைசர் விசில் ஊதுவார். தப்பு செய்தவள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவளுடைய ஜோடிக்காரி பாபினை எடுத்து மூன்று அடி போட வேண்டும். பாபின் என்றால் பஞ்சுத் திரி சுற்றுகிற கெட்டிப் பிளாஸ்டிக் குழல், ஒரு முழ நீளம் இருக்கும். பக்கத்து மிஷின்காரிகள் சத்தமாக எண்ண வேண்டும். ஆம்பளை கை எந்தப் பெண் மேலும் படக்கூடாது. அந்த விஷயத்தில் மட்டும் மில் ரொம்பக் கண்ணியம். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டே நடந்து போனவள்தான் நானும்.

ஜீவிதாவும் வினோலியாவும் ஒரு ஜோடி. இரண்டு பேருக்கும் இருபது வயது நிறையவில்லை. மில் ஹாஸ்டலில் ஒரே அறை, சாப்பிடுவதும் ஒரே தட்டில். அன்றைக்கு ஜீவிதாவுக்குக் காய்ச்சல். நாலு நூல் அறுந்து கிடந்ததைப் பார்க்காமல் மிஷினில் சாய்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் உடையப்பன் விசில் ஊதினான். வினோலியா பாபினை எடுத்து, பூப்போல இரண்டு தட்டுத் தட்டினாள். இது செல்லாது, முதலிலிருந்து போடு, இல்லையென்றால் உனக்கும் மூன்று என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் ஓங்கினாள். முதல் அடியில் ஜீவிதாவுக்குக் கால் மடங்கியது. இரண்டாவது அடி இறங்குவதற்குள் அவள் தள்ளாடித் திரும்பிவிட்டாள். இடது கண்ணில் விழுந்தது. அவள் கீழே சாய்ந்த வேகத்தில் மிஷினின் இரும்புச் சட்டத்தில் நெற்றி மோதிப் பிளந்தது.

நான் ஓடிப்போனபோது ரத்தத்தின் மேல் பஞ்சு படிந்து படிந்து தரை இளஞ்சிவப்பாக இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வினோலியா பாபினைக் கீழே போடாமல் நின்றாள். விரலை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தேன்.

மதியம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உயிருக்குப் பயமில்லை, இடது கண் போய்விட்டது என்றார். வராண்டாவில் வந்து நிற்பதற்குள் முதலாளி போன். ஜீவிதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேர் ஏதோ பையன் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு பேப்பர் தயாராக இருக்கிறதாம். மேனேஜர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாலு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்து வினோலியாவைக் கூட்டிப் போய்விடுவாராம்.

"அடிச்சது அந்தப் பிள்ளதானேம்மா, நாம பொய்யா சொல்றோம்?" என்றார்.

கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண் ஜெயிலுக்குப் போவாள், மில் நாளைக்கு வழக்கம்போல ஓடும். இரண்டு மணிக்கு ஹாஸ்டலுக்குப் போனேன். உடையப்பன் அவளை அறையில் வைத்து வெளியே பூட்டியிருந்தான். திறந்தால் சுவரெல்லாம் ரத்தம். அடித்த கையைச் சுவரில் குத்திக் குத்தி விரல் முட்டியெல்லாம் பிய்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரல் ஒரு பக்கமாகத் தொங்கியது. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். கட்டுகிறபோதே அவள் சொன்னாள்.

"மெதுவா அடிச்சா செல்லாதுன்னாருக்கா. ஜீவிதாதேன் சொன்னா, 'ஓங்கிப் போட்டுருடி, சீக்கிரம் முடியட்டும், என்னால நிக்க முடியல'ன்னு. அவ சொன்னான்னுதேன் ஓங்குனேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த ஜோடி அடிய எந்தப் பாவிக்கா கண்டுபுடிச்சான்?"

நான்தான். வேறு யாருமில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரிகள்தான் பெண்களை அடிப்பார்கள். அடிக்கிற சாக்கில் கையை வேறு எங்கெங்கோ கொண்டுபோவார்கள். அப்போது நான் அந்த ஷிப்டுக்குத் தலைவி. ஆபீஸுக்குள் நுழைந்து மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். கண்டிப்பு இல்லாமல் மில் எப்படியம்மா ஓடும் என்று கேட்டார்கள். கண்டிக்கத்தானே வேண்டும், பொம்பளையைப் பொம்பளையே கண்டிக்கட்டும் என்று யோசனை சொன்னேன். கூட வேலை செய்கிறவள் மெதுவாகத்தானே அடிப்பாள் என்று நினைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சீர்திருத்தத்தைக் காட்டித்தான் எனக்குப் பதவி மேல் பதவி வந்தது. அதற்குப் பிறகு ஒருத்தியும் புகார் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஒவ்வொருத்தி கையும் யாரோ ஒருத்தியை அடித்த கை.

இதை வினோலியாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து நேரே மிஷின் ஹாலுக்குப் போனேன்.

ஜீவிதா விழுந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்த மிஷினில் புதிதாக இரண்டு பெண்கள் நின்றார்கள். உடையப்பன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "மிஷின் நிக்கக்கூடாதுல்ல மேடம், வேற ஜோடி போட்டுட்டேன்" என்றான். நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி சொன்னான்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. கூடையில் கிடந்த பாபினை எடுத்து அவன் வாயிலேயே போட்டேன். உதடு கிழிந்து பல் ஒன்று தெறித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தான். முதுகில் இன்னொன்று போட்டேன். நாயே, காய்ச்சலில் நின்றவளையா அடிக்கச் சொன்னாய் என்று கத்தினேன். கொன்றுவிடத்தான் நினைத்தேன், இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

பெண்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி முடித்து, மூணுக்காகக் காத்திருந்தார்கள். கைகள் அது பாட்டுக்கு நூலை ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருத்தி முகத்திலும் கோபமில்லை, சந்தோஷமுமில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

உடையப்பன் வாயில் ரத்தத்தோடு நிமிர்ந்தான். "நீங்க போட்ட சட்டம்தேன மேடம். நான் விசில் மட்டுந்தேன ஊதுனேன்" என்றான். அவன் நல்லவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

பாபினைக் கீழே போட்டேன். போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். இருபத்தைந்து வருஷத்தில் பகல் நேரத்தில் அந்த ஹால் அடங்கி நான் பார்த்ததில்லை. பெண்கள் பயந்துபோய் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி நின்றார்கள். ஜோடி அடி என் யோசனை, நான்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். ஜீவிதாவின் கண் போனதற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். இப்போது இவனை அடித்ததும் தப்புதான், அதற்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், இந்த நிமிஷத்திலிருந்து இங்கே யார் மேலும் யார் கையும் விழாது என்றேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ராமுத்தாய் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்ப நூல் அறுந்தா என்னக்கா செய்யிறது?"

"ஒட்டணும். அம்புட்டுதேன்."

"தூக்கம் வந்தா?"

"உக்காரணும்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அறைக்குப் போய் அந்த நோட்டீஸைத் திருப்பிப்போட்டு அதன் முதுகிலேயே எழுத ஆரம்பித்தேன். சட்டம் யார் கொண்டுவந்தது, எந்த வருஷம், யார் சம்மதித்தார்கள், யார் விசில் ஊதினார்கள், ஓங்கி அடிக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம். கடைசியில் உடையப்பனை நான் அடித்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் முதலாளியின் பேப்பரை மேஜை மேல் வைத்தார். நான் என்னுடையதை நீட்டினேன். நின்றபடியே படித்தவர் பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "இதக் குடுத்தா மொத ஆளா நீங்கதாம்மா வருவீங்க. தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தப் பெண்ணை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். அடித்த கை அவளுடையது, விசாரிக்காமல் முடியாது, ஆனால் நிர்ப்பந்தத்தில் அடித்தாள் என்று சொல்ல இப்போது ஒரு ஆள் இருக்கிறதே என்றார். முதலாளி மூன்று தடவை போன் அடித்தார். நான் எடுக்கவில்லை.

வினோலியாவைக் கீழே கூட்டி வந்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் நான் முதலில் ஏறினேன். எதிரே உட்காரப் போனவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வண்டி கேட்டைத் தாண்டியதும் சொன்னேன், நீ கேட்டாயே, அந்தப் பாவி நான்தான் என்று. அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைத் தனியாக விடமாட்டேன் என்று சொல்லி, அவள் தோளில் போடுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

விசில் கேட்டவள் மாதிரி அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.