மூன்றாம் அலகு எங்கே?

நான்சிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல்வர் ராயப்பராஜ் போட்ட நிபந்தனை. வரலாற்றுப் பாடத்தின் மூன்றாம் அலகுக்குப் படிக்க வேண்டிய நூலைக் கல்லூரி நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒரு மாணவி ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் இன்றோடு அந்த இணையப் பக்கத்துக்கு மூடுவிழா.

நாலு மணி பஸ்ஸுக்கு எரியோட்டுக்கும் அய்யலூருக்கும் ஓடுகிற பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று, நூலகர் நான்சி மூன்று வருடமாக ஒற்றை ஆளாய் ஏற்றிய பட்டியல் அது. அறுநூற்றுச் சொச்சம் தலைப்புகள்; தலைப்பைத் தொட்டால் நூலே திறக்கும். நூலகப் பதிவேட்டில் எந்த எண்ணோ, அதே வரிசையில் கச்சிதமாக அடுக்கியிருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், இந்த நூல் 4812 என்று. அலகைத் தேடி வருகிற பிள்ளைக்கு அந்த எண் எதற்கு என்று மட்டும் அந்த மகராசிக்குத் தோன்றியதே இல்லை.

சோதனைக்கு உட்கார்ந்த எரியோட்டுப் பெண் கௌசல்யா பட்டியலை உருட்டினாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"நாலு நிமிஷம் ஆச்சு," என்றார் முதல்வர்.

கௌசல்யா மேசைக்கடியில் செல்போனை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி விறுவிறுவென்று உருட்டி 4812இல் நிறுத்தினாள். "இந்தா இருக்கு சார்."

"அடியில என்னம்மா அது? போனக் குடு."

பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. போனில் கையால் எழுதிய ஒரு தாளின் படம் இருந்தது. ஒவ்வொரு அலகுக்கும் நேரே எண்களைக் குறித்திருந்தார்கள்.

"கிளாஸ்ல எல்லார்ட்டயும் இருக்கு சார்," என்றாள் மெதுவாக.

ராயப்பராஜ் புருவத்தை உயர்த்தினார். "அட, நல்லாருக்கே! நீங்க போட்டுக் குடுத்ததா மேடம்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் பக்கம் பிழைத்துவிடும். சொல்லிவிடுங்கள் என்று கௌசல்யாவும் கண்ணால் கெஞ்சினாள்.

"இல்ல சார்," என்றாள் நான்சி. "என் பட்டியல்ல வழி தெரியாம பிள்ளைகளா போட்டுக்கிட்டது."

முதல்வர் போனை நான்சியிடம் நீட்டினார். "அப்ப பிள்ளைக போட்ட மாதிரியே பக்கத்த மாத்துங்க. திங்கக்கிழமை மறுபடி பாப்பேன். அப்பவும் தேட வேண்டியிருந்துச்சுன்னா மூடிருவேன்," என்று எழுந்து போனார்.

நான்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "நான்சி மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம். பாவம், சங்கடப்படுவாங்க."

கௌசல்யா தலை குனிந்து நின்றாள். நான்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"செத்த நேரம் இருப்பியாம்மா? பஸ் ஸ்டாண்டுல நானே கொண்டாந்து விடுறேன். மொத அலகுல இருந்து சொல்லு."