மூக்குக்காரியின் வேலைவாய்ப்புக் கட்டுரை

418

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு என்னென்ன வேலை கிடைக்கும் என்று ஒரு கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எனக்குச் சாப்பிடத் தெரியும், அவ்வளவுதான். அதனால் அண்ணன் மகளைப் பிடித்தேன். அதே படிப்புப் படித்துவிட்டு, பிஸ்கட் தொழிற்சாலையில் சுவைத்துப் பார்க்கும் குழுவில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர்.

(பகுதிகளுக்கு ஏன் 1, 2, 3 போடவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் சுவைக்கும் தட்டுகளுக்கும் போடமாட்டார்களாம்; இப்படி ஏதாவது மூன்று இலக்க எண்தானாம். ஒன்று என்று எழுதியிருந்தாலே அதுதான் உசத்தி என்று நாக்கு நினைத்துவிடுமாம்.)

275

முதல் தொடக்கம்: "உணவுத் தொழில்நுட்பப் பட்டதாரிகளின் எதிர்காலம் மிகப் பிரகாசமாக..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அடுத்தது: "தரக் கட்டுப்பாடு, ஆராய்ச்சி, அரசு ஆய்வாளர் பணி, சொந்தத் தொழில் என நான்கு வழிகள்..." இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அஞ்சாவதா ஒண்ணு சேத்துக்குங்க அத்தை," என்றாள். "மூக்கு போனவங்களுக்கு என்ன வேலைன்னு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை போய்விட்டது. உப்பும் இனிப்பும் தெரிகிறது, மற்றதெல்லாம் அட்டை. ஆளுக்கொரு தடுப்புக்குள் தனியாக உட்கார்ந்து, பிஸ்கட்டில் ஏதாவது வாடை அடிக்கிறதா என்று எழுத வேண்டும். அவள் மூன்று மாதமாக 'இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"திரும்பி வந்துடும்னு நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு..."

906

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அவளை நல்லவளாக்க ஒரு வரி எழுதினேன். [நிர்வாகம்தான் அவளை மிரட்டி] இல்லை. யாரும் மிரட்டவில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு தட்டில் காறிப்போன எண்ணெய் வாடை அடிக்கிறது என்று பக்கத்துத் தடுப்பிலிருந்த அக்கா எழுதினார். மூக்குக்காரியே 'இல்லை' என்றபின் அவர் பேச்சு எடுபடுமா? உங்கள் மூக்கு சரியில்லை என்று சொல்லி, அவரைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அந்த அக்கா இவளிடமே வந்து கேட்டாராம்: "எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சாம்மா?"

இவள் வாயைத் திறக்கவில்லை.

"காறலால யாருக்கும் ஒண்ணும் ஆயிடாதும்மா," என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"அக்காவுக்கு ஆயிடுச்சே."

இதை எழுதும்போது அவள் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

531

முடிவுக்கு வருவோம். வாசனை திரும்பிவிடுகிறது, விஷயம் வெளியே தெரியாமலே போகிறது. என் அண்ணனைக் கேட்டால் இதைத்தான் எழுதச் சொல்வான். அல்லது, மலரில் இதைப் படித்து மேலாளர் கண்டுபிடிக்கிறார். அது நான் அவளைக் காட்டிக்கொடுப்பது. மனசு கேட்காமல், எழுதியதை அவளுக்கே அனுப்பினேன்.

"போடுங்க அத்தை," என்று போனில் சொன்னாள். "ஆனா அதுக்கு முன்னாடி நானே போய் மேலாளர்கிட்ட சொல்லிடறேன். என் வேலை போனா போகட்டும். அக்கா திரும்பி வரணும்."

போனாள். மேலாளர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவருடைய நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறாள்.

முதலில் அவளை உட்காரச் சொல்வீர்களா, அந்த அக்காவைக் கூப்பிட்டு வரச் சொல்வீர்களா?