மூன்றாம் வண்டியின் பதில்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம் ஒன்றை, நான்கு அயல்நாடுகளைத் தரைவழியாகக் கடந்து, ஐந்தாவது நாட்டில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வண்டிகள் மூன்று. துளையிடும் இயந்திரம் பூட்டிய முதல் வண்டியை ஆபரேட்டர் ஓட்டினார். கம்பிரசர் ஏற்றிய இரண்டாவதை ஓட்டியவன் மூன்றாம் வண்டிக்காரரின் மைத்துனன். இரும்புக் குழாய்கள் ஏற்றிய மூன்றாவதை ஓட்டியவர் அவனுடைய அக்காள் கணவர். அவரை அவன் மாமா என்பான். வாய் ஓயாத அம்மனிதரை ஆபரேட்டர் ‘வானொலி’ என்பார்.

மண் சாலையில் முன்வண்டி கிளப்பும் புழுதி அடங்க வேண்டுமாதலால், வண்டிக்கு வண்டி ஒரு கிலோமீட்டர் இடைவெளி விட்டே ஓட்டினர். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் காண இயலாது. ஆளுக்கொரு வாக்கி டாக்கிதான் அவர்களுக்குக் கண். அதுவும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது.

முதல் வாரம் சிரிப்பாகவே கழிந்தது.

“மாப்ளே, வலது பக்கம் பாரு. ஒரு கழுதை நிக்குது. அப்படியே நம்ம ஆபரேட்டர் சாடை.”

“நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வானொலி.”

“ஐயையோ, தெரியாமப் போச்சுண்ணே. ‘நிக்கிறாரு’ன்னு மரியாதையாச் சொல்லியிருப்பேனே!”

இரண்டாவது நாட்டில் அதே அலைவரிசையில் வேற்றுமொழி ஓட்டுநர்களின் பேச்சும் கலந்துகொண்டது. எவர் எதைச் சொல்கிறார் என்பதே விளங்கவில்லை. ஆபரேட்டர் பேச்சை அறவே நிறுத்தினார். அரை மணிக்கொரு முறை அவர் ‘ரெண்டு’ என்று அழைப்பார். மைத்துனன் பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். ‘மூணு’ என்பார், மாமா மும்முறை அழுத்த வேண்டும். அழுத்தும்தோறும் மறுமுனையில் ‘டக்’ என்று கேட்கும். பதில் வராவிடில் எல்லா வண்டிகளும் நின்றுவிட வேண்டும்.

வாய் பூட்டப்பட்ட மாமாவுக்கு அக்கருவியின்மேல் இருந்த பற்றே போய்விட்டது. அதை இருக்கையில் எறிந்துவிட்டு வேர்க்கடலை கொறிப்பார். சொல்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு முகம் கழுவுவார். இருமுறை பதில் வராமல் முன்வண்டிகள் வெயிலில் காத்துக் கிடந்தன. இரண்டாம் முறை ஆபரேட்டர் இறங்கி நடந்தே பின்னால் வந்தார்.

“இன்னொரு தடவை பதில் வரலேன்னா அடுத்த ஊர்ல இறக்கி பஸ் ஏத்தி விட்டுடுவேன். வண்டி ஓட்ட இங்கயே ஆள் கிடைப்பான்.”

மாமா கருவியை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாண்டுகள் வேலையின்றி வீட்டில் இருந்தவர் அவர். இந்த வேலைக்காக அக்காள் மும்முறை ஆபரேட்டர் வீட்டு வாசலில் போய் நின்றதை மைத்துனன் அறிவான்.

மறுநாள் ‘மூணு’ என்ற அழைப்புக்குப் பதில் வரவில்லை. மைத்துனன் தன் பொத்தானையே மும்முறை அழுத்தினான். முன்வண்டி நிற்காமல் போயிற்று. நண்பகலில் சாப்பிட நின்றபோது மாமா அவன் தோளைத் தட்டினார்.

“கேட்டேன்டா. எடுக்கறதுக்குள்ள நீ தட்டிட்டே. மச்சான்னா இப்படி இருக்கணும்.”

“விளையாட்டு இல்ல மாமா. கையிலயே வெச்சுக்குங்க.”

“நீ இருக்கும்போது எனக்கு என்ன கவலை?”

அதன்பின் அது வழக்கமாயிற்று.

மூன்றாவது நாட்டில், ஒரு வறண்ட சமவெளியில், பிற்பகல் இரண்டு மணிக்கு மாமாவின் பதில் ஒழுங்காக வந்தது. இரண்டரைக்கு வரவில்லை. மைத்துனன் மும்முறை அழுத்தினான். மூன்று மணிக்கும் அழுத்தினான். கடலைப் பொட்டலத்தோடு எங்கேயாவது உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினான். மூன்றரைக்கு விரல் சற்றுத் தயங்கியது, ஆயினும் அழுத்தியது. நான்கு மணிக்கு டீசல் நிரப்ப நின்றார்கள். அரை மணி நேரம் காத்திருந்தும் மூன்றாவது வண்டி வரவில்லை.

“மூணரைக்குப் பதில் குடுத்தானே! பக்கத்துலதான் எங்கேயோ இருக்கான்,” என்றார் ஆபரேட்டர்.

மைத்துனன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

கம்பிரசர் வண்டியில் இருவரும் திரும்பினர். பத்துக் கிலோமீட்டர் போயும் காணவில்லை. இருபது போயும் காணவில்லை. ஐம்பதாவது கிலோமீட்டரில், ஒரு வளைவுக்குக் கீழே, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கட்டறுந்த குழாய்கள் ஓட்டுநர் அறையை நசுக்கியிருந்தன. மாமாவை வெளியே எடுத்துத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்.

ஆபரேட்டர் போலீஸ்காரரிடம் காகிதங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சாலை செப்பனிடும் தொழிலாளி ஒருவர் மைத்துனனிடம் வந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அவர் தார்ப்பாயைச் சுட்டி, முஷ்டியை வாயருகே வைத்துப் பேசுவதுபோல் காட்டினார், கட்டைவிரலை மும்முறை அழுத்தினார், மறுபடியும் மும்முறை. பின்னர்த் தம் கைக்கடிகாரத்தில் இரண்டே முக்காலிலிருந்து மூன்றரைவரை விரலை மெல்ல நகர்த்தினார். குழாய்களைச் சுட்டி, தம் இரு வெறுங்கைகளையும் விரித்தார். தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

காவல் நிலையத்து மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் அக்காளின் அழுகை அந்தச் சிறிய அறை முழுவதும் நிறைந்தது.

“மூணரைக்குக்கூடப் பதில் குடுத்தாரும்மா,” என்றார் ஆபரேட்டர். “கஷ்டமே படல. அடுத்த நிமிஷமே முடிஞ்சிருக்கு. இல்லேன்னா கூப்பிட்டிருப்பாரே.”

“தம்பி... தம்பி, நீயும் கேட்டியாடா?”

மேசையின் விளிம்பில் மை கொட்டிக் காய்ந்திருந்தது. மைத்துனன் அதை நகத்தால் சுரண்டினான்.

“கேட்டேன்க்கா.”

“அது போதும்டா,” என்றாள் அவள்.

உடல் விமானத்தில் போகும் என்றார்கள். வண்டிகளுக்கான அனுமதி மறுநாளோடு முடிவதால், எல்லையைக் கடந்தாக வேண்டும். காலையில் இரண்டு வண்டிகள் புறப்பட்டன. கம்பிரசர் வண்டிக்குப் பின்னால் இப்போது எவரும் இல்லை; ஆயினும் மைத்துனன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

எட்டரைக்குக் கருவி கரகரத்தது.

“ரெண்டு.”

அவன் இருமுறை அழுத்தினான்.

“மூணு,” என்றது ஆபரேட்டரின் குரல். பழக்கத்தில் வந்துவிட்ட சொல். உடனே, “ஐயோ,” என்று தாழ்ந்தது.

அதற்குள் மைத்துனனின் கட்டைவிரல் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. டக். டக். டக்.

புழுதிக்கு அப்பால் முன்வண்டியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி சாலை நடுவிலேயே நின்றது. மைத்துனனும் நிறுத்தினான்.

“யாரு?” என்று கேட்டது கருவி. “யாருடா தட்டினது?”

அவன் பொத்தானை அழுத்தினான், இம்முறை விடவில்லை.

“நான்தாண்ணே,” என்றான். “நேத்து ரெண்டரைக்கும் நான்தான்.”