ஆறு அங்குலப் புல்லி

ஃபேக்டரிச் சங்கு காலை பதினோரு மணிக்கு அலறியது.

அது ஊதுகிற நேரமே இல்லை. காலையில் ஊதும், மத்தியானம் ஊதும், சாயந்தரம் ஊதும். பதினோரு மணிக்கு ஊதினால் ஒன்று தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கை போயிருக்க வேண்டும். கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு அப்படியே சரிவில் இறங்கி ஓடிவந்தார்கள்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கைபேசியோடு நின்றிருந்த பூரணியும் ஓடினாள். அவளுடைய அண்ணன் கஜேந்திரன்தான் அந்த ஃபேக்டரிக்கு ஃபிட்டர். கை போயிருந்தால் பெரும்பாலும் அவன் கையாகத்தான் இருக்கும்.

ஓடும்போதும் கைபேசித் திரையில் பல்கலைக்கழகப் பதிவுப் பக்கம் திறந்தே இருந்தது. பூரணிக்கு இருபத்தொரு வயது. உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படித்துப் பேராதனையில் பொறியியலுக்கு இடம் வாங்கியிருந்தாள். நாளை வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதே வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்திலேயே அவளுக்கு ஸ்டாஃப் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஸ்டாஃப் என்றால் குவாட்டர்ஸ் உண்டு. மூன்று அறை, தனிக் குளியலறை, ஒழுகாத கூரை. அவளுடைய அம்மா மீனம்மா பிறந்ததும், வாழ்க்கைப்பட்டதும், பிள்ளை பெற்றதும் எல்லாம் லயத்து ஒற்றை அறையில். அப்பா கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு வருவார். குவாட்டர்ஸ் பற்றி அம்மா இந்த இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை. ஆசையை வாய்விட்டுச் சொல்ல அம்மா வெட்கப்படுகிறாள் என்றுதான் பூரணி நினைத்தாள். பதிவுப் பக்கத்தை அவள் பத்துத் தடவை திறந்து பத்துத் தடவை மூடியதும் அதனால்தான்.

ஃபேக்டரி மேல்மாடியில் புகை மண்டிக்கிடந்தது. கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடித்து வாட்டுகிற நீளமான ட்ரஃப் தொட்டிகள் அங்கே வரிசையாக இருக்கும். மூன்றாம் நம்பர் ட்ரஃப்பின் மோட்டார் கருகி நாறியது. கஜேந்திரனுக்கு இரண்டு கையும் பத்திரமாக இருந்தன. வாய்தான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவனக் கொல்லாம விடமாட்டேன். மோட்டாருக்குக் கம்பி சுத்துற அந்த ஹட்டன் வைண்டிங் கடைக்காரன். ஒரே மாசத்துல மூணாவது தடவ! நல்ல கம்பி போட்டுச் சுத்துனேங்குறான். அவன் மண்டையில சுத்தணும்."

ஓடிவந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா சங்க ஊதுனீங்க? நான் ஓடியாந்த ஓட்டத்துக்கு ரெண்டு கிலோ எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே மலை ஏறினார்கள்.

டீமேக்கர் இராமையா மட்டும் சிரிக்கவில்லை. ஃபேக்டரியின் பொறுப்பு முழுக்க அவருடையது. தொட்டியில் ஈரக் கொழுந்து ஆயிரம் கிலோ கிடந்தது. காற்று இல்லாவிட்டால் சாயந்தரத்துக்குள் அது வெந்து நாறிவிடும்.

"கஜேந்திரா, திட்டுறத அப்புறம் திட்டலாம். கொழுந்த அஞ்சாம் நம்பருக்கு மாத்தச் சொல்லு."

பூரணி கருகிய மோட்டாரின் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணே, இது எப்பயிலேர்ந்து எரியுது?"

"வந்துட்டாங்க இஞ்சினியர் அம்மா. மழை தொடங்குனதிலேர்ந்து."

"அப்ப எதையாச்சும் மாத்துனியா?"

கஜேந்திரனுக்குக் கோபத்திலும் பெருமை எட்டிப் பார்த்தது. "மாத்தாம? ஈரக் கொழுந்து வாடலனு ஐயா கவலப்பட்டாரு. காத்து பத்தல. மோட்டார்ல இருந்த அஞ்சு இஞ்சி புல்லிய, அந்தப் பெல்ட்டுச் சக்கரத்தக் கழட்டிட்டு ஆறு இஞ்சி போட்டேன். விசிறி என்னா வேகம்! நாலு மணி நேரம் முன்னுக்கே வாடிருச்சு. ஐயாவே கை குடுத்தாரு."

"குடுத்தேன்" என்றார் இராமையா.

"மோட்டார் தானா நிக்கலியா? ட்ரிப் ஆகலியா?"

கஜேந்திரன் காதைச் சொறிந்தான். "ஆச்சு. சும்மா சும்மா ட்ரிப் ஆச்சு. அதான் அந்த செட்டிங்க கொஞ்சம் ஏத்தி வெச்சேன். கொஞ்சந்தான்."

ஒவ்வொரு ட்ரஃப்பின் தலைமாட்டிலும் கொழுந்து பரப்பிய நேரத்தை எழுத ஒரு கரும்பலகை உண்டு. பூரணி அதிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

"அஞ்சு ஆறாச்சு. விசிறி ஒன்னு புள்ளி ரெண்டு மடங்கு வேகம். சரியா? அப்ப ஒரு நொடிக்கு வர்ற காத்தும் அதே அளவு கூடும். ஒரு தடவ பெருக்கு. அந்தக் காத்து முன்ன விட வேகமாவும் ஓடணும். அதுக்கு வேகத்தோட வர்க்கம். இன்னும் ரெண்டு தடவ பெருக்கு."

பலகையில் எழுதிக்கொண்டே போனாள். ஒன்று புள்ளி ஏழு மூன்றில் வந்து நின்றாள்.

"கிட்டத்தட்ட முக்கால் மடங்கு கூட. அஞ்சு குதிரை சக்தி மோட்டார எட்டரைக் குதிரை வேல செய்யச் சொல்லியிருக்கண்ணே. வேணாம்னு அது கத்துனப்ப ட்ரிப்ப ஏத்தி வாயக் கட்டிட்ட."

"அடி போடி. ஒரு இஞ்சிக்கா இவ்ளோ?"

"ரெண்டாம் நம்பருக்கும் மாத்துனியா?"

"போன கெழம."

"கிளாம்ப் மீட்டர வெச்சுப் பாரு. அஞ்சு குதிரைக்கு ஏழரை ஆம்பியர் இருக்கணும். பன்னெண்டுக்கு மேல காட்டும், பந்தயமா?"

"என்னா பந்தயம்?"

"தோத்தா ஹட்டன் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

கஜேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் நம்பர் மோட்டாரின் கம்பியில் மீட்டரைக் கவ்வ வைத்தான். பார்த்தான். தட்டிப் பார்த்தான். கவ்வியைக் கழற்றி அடுத்த கம்பியில் வைத்துப் பார்த்தான். பிறகு போய்ச் சுவிட்சை அணைத்தான். இராமையா மோட்டாரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எவ்ளோ காட்டுச்சு?" என்றாள் பூரணி.

"பன்னெண்டரை" என்றான் கஜேந்திரன், யாரோ அவன் பல்லைப் பிடுங்கியதைப் போல.

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. உயர்தரப் பௌதிகத்தில் காற்றாலைக்குப் போட்ட கணக்கு. பரீட்சைத் தாளில் பதினைந்து புள்ளி வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிற கணக்கு. இங்கே அது கண்ணெதிரே சூடாக நின்றுகொண்டிருந்தது.

ஆனால் கஜேந்திரன் அப்படி லேசில் தோற்கிறவன் இல்லை. பழைய புல்லியைத் தேடி எடுத்துத் துடைத்தபடி சொன்னான்.

"சரி, ஒத்துக்கிறேன். ஆனா இப்ப ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லு. இத நீ எங்க படிச்ச? ஸ்கூல்ல. அதுவே போதுமா இருக்குல்ல? அப்பறம் எதுக்கு நாலு வருஷம் பேராதனையில போயிக் குந்தணும்? என்னையப் பாரு. ஒன்னரை வருஷம் கோர்ஸு, கையில சர்டிபிகேட்டு, மறு மாசமே வேல. இஞ்சினியருக்குப் படிச்சவன் கொழும்புல த்ரீவீல் ஓட்டுறான்."

"யாரு ஓட்டுறா? பேரச் சொல்லு."

"ஓட்டுறாங்கனு சொல்றாங்க."

இராமையாவும் சேர்ந்துகொண்டார். "அவன் சொல்றதுலயும் நாயம் இருக்கு பிள்ள. ஒன்னைய மாதிரி ஒரு மூளைதான் இங்க வேணும். நாளைக்கே வந்து சேரு. நான் மேனேஜர் துரைகிட்டப் பேசி அந்த மேல்வரிச குவாட்டர்ஸையே வாங்கித் தர்றேன். வேலையும் கஷ்டமில்ல. காலையில ஆபீஸ்ல கம்பியூட்டர். சாயந்தரம் நிறுவை மடுவத்துல தராசுகிட்ட நின்னு பொம்பளைங்க எடுத்த கொழுந்த நிறுத்து எழுதணும். மழை நாள்ல ஈரத்துக்கு ஆளுக்கு மூணு கிலோ கழிச்சுக்கணும். அவ்ளோதான்."

மேல்வரிசை குவாட்டர்ஸ். முன்னால் ரோஜாச் செடி வைத்த வீடு. பூரணி ஒரு நிமிடம் அம்மாவை அந்த வாசலில் நிற்கவைத்துப் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. 'சரிங்க ஐயா' என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

அதற்குள் இராமையா தொட்டியில் கிடந்த கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி உருட்டிப் பார்த்தார். உருண்டை கையிலேயே உதிர்ந்தது. வாடவில்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும். பழைய புல்லியப் போட்டா மோட்டார் எரியாது, ஆனா கொழுந்து வாடாது. மழை இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மோட்டாரும் எரியாம, கொழுந்தும் வாடணும். அதுக்கு என்னா செய்றது, சொல்லு."

"பெரிய மோட்டார் போட்டாப் போச்சு" என்றான் கஜேந்திரன்.

"போட்டா, இந்த விசிறி இறக்கை அந்த வேகத்தத் தாங்குமா அண்ணே? முப்பது வருஷப் பழசு."

"தாங்கும்."

"எப்பிடித் தெரியும்?"

"... தாங்கும்."

"இறக்கையோட சாய்வ மாத்துனா வேகத்தக் கூட்டாமலே காத்துக் கூடுமா? எத்தன பாகை சாய்க்கணும்? கொழுந்தோட கனம் கூடுனா காத்து எவ்ளோ தடைபடும்?" அவள் அவனைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். சுண்ணக்கட்டி பலகையில் தொட்டபடியே நின்றது. எழுத ஒரு வரிகூட வரவில்லை.

"தெரியலங்க ஐயா" என்றாள்.

இராமையா பரவாயில்லை என்பது போலக் கையசைத்தார். "கம்பெனி இஞ்சினியர் வருவாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, அப்பக் கேப்போம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவரு இதுக்குன்னே..." கஜேந்திரன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

"இதுக்குன்னே? சொல்லுண்ணே. அவரு இதுக்குன்னே என்னா செஞ்சாரு?"

"ஒன்னுமில்ல. நீ வீட்டுக்குப் போ."

"த்ரீவீல் ஓட்டுனாரா?"

இராமையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கஜேந்திரன் ஸ்பானரை ஓங்கினான். பூரணி படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

மழைக்கு நடுவே நடந்துபோகும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் அவள் தப்பான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கினால் வேலை கிடைக்குமா, எப்போது கிடைக்கும், அதற்குள் அம்மாவுக்கு எத்தனை வயதாகிவிடும் என்றே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்குக்கு விடை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த விசிறி இறக்கையை எத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்பதற்கு எங்கேயோ ஒரு விடை இருக்கிறது. அது தெரியாமல் நாளைக்கு ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தால், மேல்மாடியில் ஒவ்வொரு தடவை விசிறி சுற்றும்போதும் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். குடையைத் தோளில் செருகிக்கொண்டு அங்கே நின்றாள். பெயர், அடையாள அட்டை எண், பரீட்சைச் சுட்டெண். கடைசிப் பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று திரையில் வந்ததும், மேகத்துக்குள் மறைந்திருந்த எதிர்மலையைப் பார்த்து சத்தமாக ஒரு விசிலடித்தாள். கீழே யாருடைய நாயோ பதிலுக்குக் குரைத்தது.

தைரியம் எல்லாம் அம்மா மலையிலிருந்து இறங்கிவரும் வரைக்கும்தான்.

மீனம்மா ஐந்து மணிக்கு வந்தாள். நனைந்த படங்கை அவிழ்த்துக் கம்பியில் போட்டாள். கால்களில் ஏறியிருந்த அட்டைகளை உப்புத் தடவி உதிர்த்தாள். பூரணி தேத்தண்ணியை நீட்டினாள். கஜேந்திரன் ஏற்கெனவே வந்து, மூலையில் உட்கார்ந்து பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். தங்கை என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தவன் போல அவளைப் பார்க்காமலே கடித்தான்.

"அம்மா, நான் பேராதனைக்குப் பதிஞ்சிட்டேன்."

மீனம்மா தேத்தண்ணியை ஊதினாள்.

"ஸ்டாஃப் வேல வேணாம்னு நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிருவேன். குவாட்டர்ஸ் போயிரும்மா. மேல்வரிச வீடு தர்றேன்னு டீமேக்கர் ஐயாவே சொன்னாரு. அதையும் வேணாம்னுதான் சொல்லப் போறேன். ஒனக்கு அந்த வீட்டு மேல எவ்ளோ ஆசைனு எனக்குத் தெரியும்."

"நல்லா யோசிச்சுத்தான் செஞ்சியா?" என்றான் கஜேந்திரன்.

"நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன். நாலு வருஷம். படிச்சு முடிச்சு வேற வீடு நான் கட்டித் தர்றேன். வெறும் வாய் வார்த்த இல்லண்ணே, எழுதி வெச்சுக்க."

மீனம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பூரணிக்குத் தெரியவில்லை.

"கோவமாம்மா?"

"கோவமா? நீ தராசுக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்கே மூணு கிலோ வெட்டுவியோனு நெனச்சு நெனச்சு ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்லடி."