கரண்டு மாமா

கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை. இரண்டு வருஷம் கழித்து விடுமுறையில் வீட்டுக்குள் கால் வைத்தவனைப் பார்த்து மகள் கேட்ட முதல் கேள்வி, "இந்த மாமா எப்போ போவாங்க?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் கிளம்பியபோது அவள் கைக்குழந்தை. வீட்டோடு இருக்கும் மைத்துனன் அவனை 'மாமா' என்று கூப்பிட, அதையே அவளும் பிடித்துக்கொண்டாள்.

"நீ முதல்ல என்னை மாமான்னு கூப்பிடறதை நிறுத்துடா."

"பின்னே எப்படிக் கூப்பிடறது? அப்பான்னா?" என்றான் மைத்துனன். சமையலறையில் மனைவி சிரிப்பது கேட்டது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பக் கப்பலேறுவதற்குள் ஒரே ஒரு தடவை மகள் தானாக வந்து மடியில் ஏறி, அப்பா என்று சொல்லிவிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஆனால் அவளோ சாக்லேட்டை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்று தின்றாள்.

ஒரு பிற்பகல் அவனுக்கு யோசனை உதித்தது. பலூன் ஒன்றை ஊதித் தலைமுடியில் பரபரவென்று தேய்த்தான். செய்தித்தாளைக் கிள்ளித் தரையில் தூவி, மேலே பலூனைக் காட்டினான். துணுக்குகள் துள்ளி எழுந்து அதில் ஒட்டிக்கொண்டன.

மகள் கதவை விட்டு வெளியே வந்தாள். "எப்படி?"

தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாளே என்ற குஷியில் அவன் பாடமே நடத்தினான். "எல்லாத்துக்குள்ளேயும் பொடிப்பொடியா மின்சாரம் இருக்கு, கண்ணு. ரெண்டு பொருளைத் தேய்ச்சா ஒண்ணுல இருக்கறது கொஞ்சம் இன்னொண்ணுக்குத் தாவிடும். அங்கேருந்து போக வழி கிடைக்காம பலூன் மேலேயே உக்காந்துக்கும். அதான் காகிதத்தை இழுக்குது."

"இன்னொரு வாட்டி."

அவன் எழுந்து போய், கம்பளி சாக்ஸ் தேயத் தேய நைலான் விரிப்பில் நடந்து, இன்னொரு செய்தித்தாளோடு வந்து குந்தினான். மகள் தானாக அருகில் வந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி அவன் மூக்கைத் தொடப் போனாள்.

பட்.

அவள் விரலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு வீடே அதிரும்படி ஓவென்று அழுதாள்.

தொழில்காரனான அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் இந்த மின்சாரம் சத்தமில்லாமல் கசிந்து போய்விடும். இங்கே வடநாட்டுக் குளிர்காலம், ஜன்னல்களை அடைத்து ஹீட்டர் போட்டதில் காற்று காய்ந்து கிடந்தது. சாக்ஸும் விரிப்பும் உரசி உரசி அவன் உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறியிருந்தது. மின்சாரம் என்னவோ துளியூண்டுதான், சுருக்கென்பதோடு சரி. இதை இரண்டரை வயதுக்காரியிடம் யார் விளக்குவது?

"ஊருக்கெல்லாம் எர்த் போடறீங்க. உங்களுக்கு யாருங்க போடறது?" என்றாள் மனைவி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

அன்று முதல் அவன் கரண்டு மாமா ஆனான்.

சாக்ஸைக் கழற்றினான். விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டான். நாற்காலி தோறும் ஈரத்துண்டு காயப்போட்டான். மகள் பக்கம் போகுமுன் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுப் போனான். அதன்பின் ஒரு பொறிகூட வரவில்லை. நிரூபிக்க, அவள் கண்ணெதிரே மைத்துனனின் காதைத் தொட்டான். "பார்த்தியா, கண்ணு? ஒண்ணுமே..."

"ஐயோ அம்மா!" என்று மைத்துனன் கைகாலை உதறிக்கொண்டு சோபாவில் சாய்ந்தான்.

மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"டேய், உனக்கு விளையாட இதுதானா கிடைச்சுது?"

"சும்மா தமாஷுக்கு, மாமா," என்றான் மைத்துனன். குழந்தை ஓடிய பக்கம் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

விடுமுறை கரைந்தது. கிளம்பும் நாளில் பெட்டி வாசலுக்குப் போயிற்று. மைத்துனன் காரை எடுத்தான். மகள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள், கையிடுக்கில் ஒரு பொம்மை. அவன் வெறுங்காலோடு எதிரே நின்று கையை நீட்டினான்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பின்பு பொம்மையின் கையைப் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். "பாப்பா, நீ தொட்டுப் பாரு."

அவன் அதைப் பிடித்துக் குலுக்கினான். பிளாஸ்டிக். அதன் வழியாக எதுவும் அவளிடம் போய்ச் சேராது.

"பாப்பாவுக்கு வலிக்கலை," என்று அம்மாவிடம் அறிவித்தாள் மகள்.

"அப்போ நீயும் கை குடு கண்ணு. அப்பா கிளம்பறாங்க இல்ல?"

அவள் மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் இழுத்துக்கொள்ளும்வரை பொம்மையின் கையை அவன் விடவில்லை.