வீக்கம் வடிந்த கை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து, தையற்காரிக்கு இடது கை வீங்கத் தொடங்கியது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்ததால், நீர் போக வழியில்லாமல் கையிலேயே தேங்குகிறது என்றார் டாக்டர். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. தையல் மிஷின் பக்கமே அவள் போகவில்லை.

பிசியோதெரபிக்குக் கணவனும் கூடப் போனான். லாரி மெக்கானிக். அசையாத நட்டு எதுவானாலும் அவனிடம்தான் வரும்.

“நீர் வடியறதுக்கு இந்த மசாஜைத் தினமும் வீட்ல செய்யணும். கத்துக்கிறீங்களாண்ணே?” என்றாள் பிசியோதெரபிக்காரப் பெண்.

“அதுக்கென்ன, நல்லா அழுத்திப் பிடிச்சுவிட்டா இறங்கிடும்.”

“ஐயோ, அழுத்தவே கூடாது! கண் இமை மேல விரல் வெக்கிற மாதிரி. தோல் மட்டும் நகரணும்.”

முதலில் கழுத்தருகே, அப்புறம் வலது அக்குளில், பிறகு மார்பின் குறுக்கே தடவிக் காட்டினாள். இடது கைக்கு வந்தபோதும் தோள் பக்கம்தான் முதலில், விரல்கள் கடைசி.

“புரிஞ்சிடுச்சும்மா. முன்னாடி நிக்கிற வண்டி போனாத்தானே பின்னாடி இருக்கிறது நகரும்!”

புரிந்ததே தவிர, அவன் கை கேட்கவில்லை. முதல் நாளே தையற்காரி கத்தினாள்: “என்னங்க, இது என்ன டயரா?”

அவன் நகங்களை ஒட்ட வெட்டினான். பட்டறையில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கண்ணை மூடி, இமையைத் தடவிப் பழகினான். “கண்ணுல ஏதாச்சும் விழுந்துடுச்சா?” என்று விசாரித்தார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

“இல்லண்ணே, படிச்சிட்டிருக்கேன்.”

ஐந்தாம் நாள், அவன் தடவிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள். எழுப்ப மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நீர் மறுபடி சேராமலிருக்கக் கையில் போடும் இறுக்க உறையை மாட்டிக்கொள்ளத்தான் எழுப்பினான்.

ஆறாவது வாரம் அவள் டேப்பால் அளந்தபோது முழங்கைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கனம் தெரியவில்லை. அன்றே ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்தாள். இது முழுசாகப் போகாது, விடாமல் செய்துவர வேண்டும் என்று டாக்டர் சொன்னது இருவருக்கும் பாரமாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்து அவன் எழுந்தான்.

“என்னங்க, இந்தக் கையையும் கொஞ்சம் தடவிவிடுங்களேன்.”

“வலது கைல வீக்கம் இல்லையேம்மா?”

“இல்லாட்டி என்ன?”

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டான்.